எதிர்வீட்டு நிறம்

கடைக்காரர் ஏழு மாதிரித் துண்டுகள் கொடுத்திருந்தார்,
ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.
பழைய ஜன்னல் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டினோம்.
இரண்டு நாள் மழையில்
'தூங்கும் புறா' கழன்று
பூந்தொட்டியில் விழுந்து கிடந்தது.
யாரும் எடுத்து ஒட்டவில்லை.
அப்படித்தான் ஏழு ஆறானது.

ஆர்ப்ரோத்தில் எங்கள் தெரு முழுக்கச் செம்மணற்கல்.
நனைந்தால் ஈரல் நிறம்,
வெயில் பட்டால், அதாவது பட்டால்,
சற்றே கருகிய பிஸ்கட்.
இரண்டுக்கும் ஒத்துப்போகிற ஒன்று வேண்டும்,
அதுவும் முப்பது வருடத்துக்கு
என்றது உத்தரவாதப் பத்திரம்.
எனக்கும் ஸ்ட்ருவனுக்கும் சேர்த்து
அப்படியொரு பத்திரம் தர
இதுவரை யாரும் முன்வந்ததில்லை.

கருஞ்சாம்பல் என்றான் அவன்.
தெருக்கோடியில் புதிதாய் வந்தவர்கள் எல்லோரும்
அதுதான் அடித்திருக்கிறார்கள் என்றேன்.
அதனால்தான் என்றான்.
அதனால்தான் என்றேன் நானும்.

வீடே சொல்லட்டும் என்று
சட்டத்தைக் கத்தியால் சுரண்டினேன்.
வெள்ளை. அதற்குக் கீழும் வெள்ளை.
பிறகு ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை,
ஒரு பழுப்பு,
என்னவென்று சொல்லத் தெரியாத நீலம்,
கடைசியில் மரம்.
1896இல் கட்டிய வீட்டைக் கேட்டால்
ஐந்து பேர் ஒரே சமயத்தில் பதில் சொல்கிறார்கள்.
அந்தத் தூளில் ஈயம் இருக்கும் என்று
முகமூடியை நீட்டியபடி வந்து நின்றான் ஸ்ட்ருவன்,
முந்தின இரவிலிருந்து என்னோடு பேசாதவன்.

முகமூடிக்குள் மூச்சு சூடாக இருந்தபோது உறைத்தது:
உள்பக்கம் எப்படியும் வெள்ளைதான்.
வெளிநிறத்தை நாங்கள் பார்ப்பது
பையில் சாவி துழாவும் அரை நிமிடம்.
நாளெல்லாம் பார்க்கப்போவது
எதிர்வீட்டு டால்கார்னோ.

மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் இரவு வேலை அவருக்கு.
காலைச் சாப்பாடு, செய்தித்தாள், அரைத்தூக்கம்
எல்லாம் ஜன்னலோர நாற்காலியில்.
அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று
எங்கள் வீட்டை முதல்முறை முழுதாகப் பார்த்தேன்.
கூரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.
வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

"எது நன்றாயிருக்கும்?"
கோப்பையைக் கீழே வைத்தார்.
"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்."
பதினேழு வயதில் துறைமுக அலுவலகத்தில்
ஓர் இருட்டறை, இரண்டு சின்ன விளக்குகள்.
எது சிவப்பு, எது பச்சை என்று சொன்னால்
கப்பலில் வேலை.
அவருக்கு இரண்டு விளக்குகள் எரிந்தன, அவ்வளவுதான்.
பூட்ஸ் வாங்கியாகிவிட்டது;
மீன் கொட்டகைக்கும் அதுவே உதவியது.
பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ரகசியமாய் முடிவு செய்துவைத்திருந்த
பாசிப்பச்சையைக் காட்டினேன்.
"அது எப்படி?"
"எது?"
"இடமிருந்து மூன்றாவது. சுவரோரமாக."
கண்ணைச் சுருக்கினார்.
"அங்கே ஏதாவது இருக்கிறதா?"

ஸ்ட்ருவனிடம் சொன்னபோது சிரித்தான்.
பிறகு சிரிப்பை நிறுத்தி,
"அப்படியானால் அவருக்கு நம் வீட்டில்
ஜன்னல் சட்டமே இருக்காது" என்றான்.
தந்தவெள்ளையைக் கையில் எடுத்தான்,
கீழே வைத்தான்.
மறுபடி பாசிப்பச்சையை எடுத்து
ஈரச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.
"நல்லாத்தான் இருக்கு" என்றான்,
கடன்காரனிடம் ஒப்புக்கொள்பவனைப்போல.

நவம்பரில் மாட்டினார்கள்.
ஸ்டிக்கரை உரிக்காமலே போய்விட்டார்கள்.
மறுநாள் டால்கார்னோ சாலையைக் கடந்து வந்து
சுவரையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து
"கல்லிலேயே துளை போட்டு வைத்தமாதிரி இருக்கு" என்றார்.
புகாரா, பாராட்டா, கேட்கத் தோன்றவில்லை.

நான்கு மணிக்கே இருட்டுகிற மாதம்.
கடலிலிருந்து மூடுபனி தெருவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.
முன்னறை விளக்கைப் போட்டேன்.
எதிரே அவர் கோப்பையை உயர்த்தினார்.
எனக்கா,
இல்லை வெறுமே குடித்தாரா,
இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.